என் காலுக்குப் பாடிய ஒப்பாரி

கரிசல் மண் கோடையில் வெடித்தால் முழங்கால்வரை உள்வாங்கும். அது தெரிந்துதான் வறண்ட கண்மாய்க்குள் ஓடினேன். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியின் முதல் வருஷ ஓட்டப்பந்தயத்தில் என்னை யாரும் முந்தவில்லை. விடுமுறையிலும் பழக்கம் விட்டுப்போகக் கூடாதென்று, விடிந்ததும் சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு கண்மாய்க்குள் சுற்றி ஓடுவேன். ஒருநாள் இடது கால் வெடிப்புக்குள் போயிற்று. உடம்பு முன்னால் போனது. கால் வரவில்லை.

காலை உருவி எடுத்தபோது வெடிப்பின் உள்ளே குளிர்ந்திருந்தது. யாரோ பிடித்திருந்து, பிறகு மனம் மாறி விட்டுவிட்டதுபோல் இருந்தது. படித்தவள் என்பதால் இதை யாரிடமும் சொல்லவில்லை.

பரளச்சியிலிருந்து எலும்பு வைத்தியர் வந்து, முட்டை வெள்ளையும் உளுத்தமாவும் குழைத்துப் பூசி, மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார். நாற்பது நாள் தரையில் ஊன்றக் கூடாது என்றார். நாற்பத்தைந்தாம் நாள் பள்ளி திறப்பு. அன்று நொண்டாமல் நடந்து வந்து நிற்காதவளின் இடம் வேறொருத்திக்குப் போய்விடும் என்று கடிதம் வந்திருந்தது. எங்கள் வீட்டில் எழுத்து தெரிந்த முதல் ஆள் நான்தான். ஒருமுறை இடம் போனால் அப்பா மறுபடி அனுப்பமாட்டார்.

முதல் வாரம் அழுதேன். இரண்டாம் வாரம் அழுவதே அலுத்துவிட்டது. யுத்தத்தால் நூல் வரத்து நின்று, அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவின் தறிகள் எல்லாம் ஓய்ந்திருந்தன. பகலிலேயே தெரு செத்த வீடு மாதிரி கிடந்தது. அந்த அமைதியில் நான் அம்மாவுக்கு அவள் பெயரைக் கரித்துண்டால் எழுதக் கற்றுக்கொடுத்தேன். வீட்டில் நாங்கள் பேசுவது தெலுங்கு; அம்மா பாடும் தெலுங்குத் தாலாட்டுகளைத் தமிழ் எழுத்தில் எழுதி ஒரு நோட்டில் சேர்த்தேன். ஓடிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு பகல் இவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. அந்த நீளம் பிடித்துப்போனது.

கட்டை நனைத்து எண்ணெய் விட வைத்தியரின் மனைவி மூன்று நாளுக்கு ஒருமுறை வருவார். சுற்றுப்பட்டியில் எங்கே சாவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். தாலாட்டு தீர்ந்ததும் என் ஆசை அதன்மேல் விழுந்தது.

"அக்கா, ஒரு ஒப்பாரி பாடுங்க. எழுதிக்கிறேன்."

"நல்லாக் கேட்ட போ. எழவு விழாத வீட்டுல ஒப்பாரி வச்சா, வெத்தல பாக்கு வச்சு எழவக் கூப்பிட்ட மாதிரி."

"வெறும் பாட்டுத்தானக்கா."

"உங்க பள்ளிக்கூடத்துல அப்படித்தான் சொல்லிக் குடுத்தாகளா?"

மூன்று தடவை கேட்டேன். மூன்றாம் தடவை அவர் என் கட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"ஆளு சாகாமப் பாட வராது தாயி. ஓடுன காலு ஒண்ணு செத்துக் கெடக்கு. வேணும்னா அதுக்குப் பாடுறேன்."

நானும் சிரித்துவிட்டுப் பென்சிலை எடுத்தேன். உச்சி வெயில். அம்மா தண்ணீருக்குப் போயிருந்தாள். அவர் கொண்டையை அவிழ்த்து முடியைத் தொங்கவிட்டு, என் கால்மாட்டில் வந்து உட்கார்ந்தார். சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"கரிசக் காடெல்லாம் ஒன் தடங் கெடக்க, கட்டுக்குள்ள நீ ஒறங்கப் போனதென்ன..."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தே பாடினார். நான் பக்கம் பக்கமாக எழுதினேன். சட்டென்று நிறுத்தி முடியை முடிந்தார்.

"அம்புட்டுத்தான்."

"முடிவு வரலையே?"

"பாடைத் தேரு தெருமுனை தாண்டுறப்ப பாடுறது ஒண்ணு இருக்கு. பாடிட்டுத் திரும்பிப் பாக்காம வீட்டுக்கு வந்துருவோம். அது அனுப்பி வைக்கிற பாட்டு. வேணாம்."

"முடிவில்லாத பாட்ட வச்சு நான் என்ன செய்ய? பயமா இருக்குன்னா விடுங்க."

அந்த வார்த்தை அவருக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். முடிந்த முடியை மறுபடி அவிழ்த்தார். நாலே வரிதான். குரலை உயர்த்தவில்லை. பக்கத்தில் இருப்பவருக்கு வழி சொல்வதுபோல் பாடினார்.

"முச்சந்தி தாண்டிட்ட, மொகந் திருப்பிப் பாக்காத..."

முடித்ததும் எழுந்தார். எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. 'போயிட்டு வாரேன்' என்று சொல்லாமல் படியிறங்கிப் போனார். சாவு வீட்டிலிருந்துதான் அப்படிப் போவார்கள்.

பிறகு அவர் வரவேயில்லை. நாற்பதாம் நாள் வைத்தியர் வந்து கட்டை அவிழ்த்தார். பாதம் வெளுத்து, வெடிப்பின் அடிமண்போல் குளிர்ந்திருந்தது. கருவேல முள்ளால் விரல் ஒவ்வொன்றையும் தொட்டார்.

"வலிக்குதா?"

"இன்னும் குத்தலையே."

அவர் முள்ளைக் கீழே போட்டார். என் கால்விரல் நுனியில் ரத்தம் நின்றது.

"எலும்பு நல்லாக் கூடிருச்சு, நடக்கலாம்" என்றார். அவர் மனைவியைப் பற்றிக் கேட்டேன். "அவளுக்கு ஒடம்பு சரியில்ல" என்று பையைக் கட்டினார்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தெலுங்கில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "அந்தக் காகிதத்தை அடுப்பில் போடு." கிழித்து எடுத்துக்கொண்டு அடுப்புமுன் உட்கார்ந்தேன். போடுவதற்கு முன் ஒருமுறை படித்தேன். நான் எழுதியதிலேயே அதுதான் நன்றாக இருந்தது. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அம்மா பார்த்தாள். அடுப்பை அணைத்தாள்.

மிச்சமிருந்த நாட்களில் வீட்டுக்குள் நடந்து பழகினேன். கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தால் கால் இருந்தது. கண்ணை மூடினால் இல்லை. ஆனால் ஒரு விஷயம் எனக்கே விளங்கவில்லை. நான் எடுத்து வைப்பதற்குக் கொஞ்சம் முன்பே அது அடி வைத்தது, அவசரமாக.

யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில் போய்ப் பள்ளியில் இறங்கினேன். முந்தின நாள் பெய்த மழையில் பள்ளி மைதானம் நனைந்திருந்தது. தலைமையாசிரியை தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருத்தியையும் வாசலிலிருந்து தனித்தனியாக நடந்து வரச் சொன்னார். என் முறை வந்தது. கீழே பார்த்தால் நொண்டி என்று தெரிந்துவிடும். தலை நிமிர்ந்தே நடந்தேன். கால் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

"நல்லா நடக்கிறியே, போய் நில்லு" என்றார் அவர்.

வரிசையில் நின்று மைதானத்தைத் திரும்பிப் பார்த்தேன். ஈரமண்ணில் என் தடம் வாசல்வரை தெரிந்தது. வலது பாதம் முழுசாகப் பதிந்திருந்தது. இடது பாதத்தில் குதிகால் மட்டும் இருந்தது. இடது தடம் ஒன்றில்கூட விரல்கள் இல்லை. 'மொகந் திருப்பிப் பாக்காத' என்ற வரி அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பதிவேட்டில் என் பெயரைப் படித்தார்கள். அது யாரோ ஒருத்தியின் பெயர்போல் கேட்டது. இரண்டாம் முறையும் படித்தார்கள்.

"உள்ளேன், அம்மா" என்றேன்.