இரண்டு கன்னத்திலும் கொஞ்சிய அமெரிக்கர்

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மிச்சப் படிப்பெல்லாம் இத்தாலியில், பலெர்மோ நகரின் சீசாப் பகுதியில் நாங்கள் கூட்டாகக் குடியிருந்த அறையில், வீடியோ கசட்டில் மாபியாப் படம் பார்த்துத்தான் நடந்தது. அமெரிக்காவில் இருக்கும் இத்தாலிக்காரன் என்றால் தங்கச் சங்கிலி போட்டிருப்பான், கரகரத்த குரலில் கதைப்பான், ஒருவனைச் சுடப் போகுமுன் இரண்டு கன்னத்திலும் கொஞ்சுவான். பலெர்மோவில் ஆண்கள் சந்திக்குச் சந்தி கொஞ்சிக்கொள்வதைத் தினமும் பார்த்தும் இந்தப் பாடம் மனதை விட்டுப் போகவில்லை.

ஒரு நாள், நான் வேலை செய்த வீட்டுச் சினோராவின், அதாவது வீட்டுக்கார அம்மாவின், ஒன்றுவிட்ட தம்பி அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கினார். சங்கிலி இருந்தது. குரலும் கரகரத்தது. தும்புத்தடியால் கூட்டிக்கொண்டு நின்ற என்னை இழுத்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார். நான் படித்த பாடத்தில் இதற்கு அடுத்தது சுடுவதுதான்.

"நாளைக்கு நாங்கள் ரெண்டு பேரும் தனிய வெளியாலை போவம்," என்றார்.

அறைக்கு வந்து அழாக்குறையாகச் சொன்னேன். எங்களில் மூத்த அண்ணை தேத்தண்ணியை ஊதியபடி, "உன்னைச் சுட்டு அவனுக்கென்னடா லாபம்? தோட்டாக் காசுக்கும் பெறமாட்டாய்," என்றார்.

"வேலையை விட்டிட்டு ஓடட்டோ அண்ணை?"

"ஓடு. பெர்மெசோவுக்கு ஆரிட்டைக் கையெழுத்து வாங்குவாய்?"

அதுதான் சிக்கல். சினோரா கையெழுத்து வைத்தால்தான் பெர்மெசோவைப் புதுப்பித்து இந்த நாட்டில் இருக்கலாம். பேப்பர் இல்லாமல் திரிவதைவிடச் சாவது சுலபம் என்று முடிவெடுத்தேன்.

அடுத்த நாள் நானும் அமெரிக்கரும் கபோ சந்தைக்குப் போனோம். அவர் என் முதுகுக்குப் பின்னாலேயே வந்தார். பின்னால் வருகிறவன்தான் சுடுவான் என்று படித்தவன் நான், நின்று வழிவிட்டேன். அவரும் நின்றார். அந்த நேரம் பார்த்து ஒரு ஸ்கூட்டரின் புகைக்குழாய் படாரென்று வெடிச்சத்தம் போட்டது. கண்ணைத் திறந்தபோது கத்தரிக்காய்ப் பெட்டிகளுக்குப் பின்னால் இரண்டு பேரும் குந்தியிருந்தோம். கடைக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான்.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவர் தட்டுத்தடுமாறிய இத்தாலியனில் சொன்னார்: "நான் அங்கை பல்லுப் பிடுங்கிற டொக்டர். அங்கையே பிறந்தனான். படங்களைப் பாத்திட்டு, என்ரை பேரைக் கேட்ட உடனை, துவக்கு வச்சிருக்கிறியோ எண்டு நோயாளியளே கேக்கினம். அதே படங்களைப் பாத்துத்தான் எனக்கும் பலெர்மோ எண்டால் பயம். அதுதான் உன்னைத் துணைக்குக் கூப்பிட்டனான்."

"என்னையோ?"

"நீ தமிழன்தானே. உங்கடை ஆக்கள் எல்லாரும் சண்டைக்காரர் எண்டு டிவியிலை காட்டினவங்கள்."

கரப்பான் பூச்சியைக் கண்டால் சினோராவைக் கூப்பிடுகிற ஆள் நான். சொல்லத்தான் வாயெடுத்தேன், கையெழுத்து நினைவுக்கு வந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் நடந்தேன்.

வீட்டில் அவர் சினோராவிடம், "இப்படித் துணிஞ்ச ஆளை விட்டிடாதை அக்கா," என்றார். சினோரா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனையைத் தேடினார்.