பேப்பரில் சுற்றிக் கொடுத்த மாத்திரை

ஸ்கேன் பேப்பரைப் படித்துவிட்டு டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். எதிரே தலைச்சோலை ஊரிலிருந்து வந்த பாக்கியம், வலது விலாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பின்னால் அவர் புருஷன் பெருமாள். ஈரலில் கட்டி என்று சேலத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். வயிற்றை அறுப்பார்கள், இனிப் பிழைக்கமாட்டோம் என்றே பாக்கியம் நினைத்திருந்தார்.

"ஏனுங்கம்மா, குடிக்கறவன் நானு. கட்டி இவளுக்கா வரும்?" என்றார் பெருமாள்.

"குடியால ஈரல் கெடறது வேறப்பா. இது கேன்சர் மாதிரி தெரியல. ஆனா எதனால வந்துச்சுன்னு தெரியணும். ஏங்கண்ணு, ஏதாச்சும் மாத்திரை சாப்பிடறியா?"

"ஒண்ணுமில்லீங்க."

அது பொய் என்று எனக்குத் தெரியும். நான் இந்தக் காபி எஸ்டேட் டிஸ்பென்சரியில் அட்டெண்டர். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. மாதாமாதம் பாக்கியத்துக்குக் கருத்தடை மாத்திரை அட்டை கொடுத்தது நான்தான். தொழிலாளர் லைன் வீட்டுப் பெண்கள் புருஷனுக்கும் மாமியாருக்கும் தெரியாமல் வாங்குவார்கள். பேப்பரில் சுற்றி, முகத்தைப் பாராமல் நீட்டுவேன். அவர்களும் பேசமாட்டார்கள், நானும் கேட்கமாட்டேன். கூச்சக்காரனுக்கு அது வசதி.

இப்போது எப்படிச் சொல்வது?

"பெருமாளு, உங்களை எஸ்டேட் ஆபீஸ் ரைட்டர் கூப்பிடறாருங்க" என்றேன். அவர் வெளியே போனதும் அலமாரியிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன்.

டாக்டரம்மா அதட்டவில்லை. "எத்தனை நாளா, கண்ணு?"

"சின்னவன் பால்குடி மறந்ததுல இருந்துங்க. இப்ப எட்டாவது படிக்கறான்."

"வருஷக்கணக்கா சாப்பிட்டா சில பேருக்கு இப்படிக் கட்டி வரும். பெருசானா உள்ள ரத்தம் கசியலாம், அப்ப அறுக்கணும். உன்னுது சின்னது. மாத்திரையை நிறுத்து. ஆறு மாசம் கழிச்சு ஸ்கேன் பார்க்கலாம். அதுவரைக்கும் கர்ப்பம் வேண்டாம், காப்பர்-டி போட்டுக்கலாம். திடீர்னு வலி கூடுனா அந்த நிமிஷமே வந்துரணும்."

"ஊட்டுக்காரருக்குத் தெரிஞ்சா..."

"கட்டியைப் பத்தி நான் சொல்றேன். மத்தது நீயாச் சொன்னாத்தான்."

சொல்லிக்கொண்டே அட்டையைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். எத்தனையோ டாக்டர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கையை மறக்கமாட்டேன்.

பெருமாள் திரும்பி வந்தார். "ரைட்டர் ஊர்லயே இல்லீங்களாம்!"

"அது கெடக்குது, வாப்பா. இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டியதில்ல" என்றார் டாக்டரம்மா.

ஆறு மாதத்தில் கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. பாக்கியம் காபிப்பழக் கூடையோடு வாசலில் நின்று, "அன்னைக்குச் சுவத்துல அப்படி என்னங்க பார்த்தீங்க?" என்று சிரித்தார்.

இப்போதும் பேப்பரில் சுற்றித்தான் கொடுக்கிறேன். ஆனால் கொடுக்குமுன், தரையைப் பார்த்தபடியாவது கேட்டுவிடுகிறேன்: "எத்தனை வருஷமாச்சுங்க? வலது பக்கம் வலி உண்டுங்களா?"