அக்காவின் பிளாஸ்மிடும் என் ஐஸ் ஓட்டமும்

இன்னிக்குத் தாப்பாவிலிருந்து ஈப்போவுக்கு, மடியில் பழைய ஃபிளாஸ்க்கோடு பஸ்ஸில் வந்தேன். உள்ளே ஐஸ், அதுக்குள்ளே அக்கா எங்க வீட்டு ஃபிரிட்ஜில் மறந்துட்டுப் போன பிளாஸ்மிட் டியூப்.

பிளாஸ்மிட்னா டிஎன்ஏ வளையமாம். இதுல மின்மினிப் பூச்சியோட ஒளி ஜீன் இருக்கு. இதை ஒரு செல்லுக்குள்ள விட்டா, ஹார்மோன் வந்து அதை வாங்கிக்கிற ரிசெப்டரைத் தொட்டதும் அந்த செல் வெளிச்சம் போட்டுக் காட்டிக் கொடுத்துடுமாம்.

"ஐஸ் கரைஞ்சா என் ஆராய்ச்சி காலி"ன்னு காலையிலேயே அக்கா போனில் மிரட்டினாள்.

ஈப்போவில் இறங்கினா ஃபிளாஸ்க்கில் வெறும் தண்ணி. பக்கத்துல இருந்த பாய் டீக்கடைக்கு ஓடினேன்.

"அண்ணே, கொஞ்சம் ஐஸ் பொங்குஸ் பண்ணி, பையில கட்டிக் குடுங்க. மின்மினி ஜீன் கெட்டுடும்."

"போன மாசம் தே தாரேக் டீயில ரப்பர் கரப்பான் போட்டவன்தானே நீ? வேற ஆளப் பாருலா"ன்னு பாய் விரட்டினார்.

கெஞ்சிக் கூத்தாடி வாங்கி, வெயில்ல ஓடி அக்கா வேலை செய்யுற லேப் வாசலை அடைந்தேன்.

அக்கா டியூபைத் துடைத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கிட்டாள்.

"அக்கா, ஐஸ்?"

"இது ஒரு நாள் வெளிய கிடந்தாலும் கெடாதுலா. ஐஸ்னு சொன்னாத்தானே நீ வழியில எங்கயும் நிக்காம வருவே?"

எங்க வீட்டுல குறும்பு ஜீன் யாருக்கு அதிகம்னு நீங்களே சொல்லுங்க.