கத்தரிக்கோலில் முறுக்கிய நூல்

இம்முறை பாரிஸிலிருந்து சண்டிலிப்பாய் வீட்டுக்கு வந்ததும், பெட்டியைச் சுற்றியிருந்த கயிற்றை வெட்ட அக்காவின் கத்தரிக்கோலை எடுத்தேன். தையல் மெசின் எண்ணெய் மணந்தது. பிடியில் ஒரு பழைய நூல் முறுக்கு. நான் கட்டியதுதான்.

அந்த எண்ணெயைத்தான் அக்கா என் சைக்கிள் சங்கிலிக்கும் விடுவாள். அந்தச் சைக்கிளில்தான் நல்லூருக்குப் பிரெஞ்சு படிக்கப் போனேன். தகரக் கொட்டகை, உட்கார நீள வாங்குகள், பக்கத்துக் கடையில் வடை பொரிகிற வாசம். எல்லோருமே விசாவுக்குக் காத்திருந்தவர்கள். கலியாணம் முடிந்த கையோடு என் கணவர் பிரான்சுக்குத் திரும்பியிருந்தார். பிரெஞ்சுச் சோதனையில் சித்தியடைந்தால்தான் நானும் போகலாம் என்றார்கள்.

நானோ, பஸ்ஸில் இறக்கம் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த தரிப்பில் இறங்கித் திரும்பி நடக்கிறவள். பள்ளிப் படிப்பும் ஓ எல் சோதனையோடு சரி. பிரெஞ்சில் கதிரை, கட்டில் எல்லாமே ஆணோ பெண்ணோதான். ஆணுக்கு முன்னால் லெ, பெண்ணுக்கு லா, பன்மையென்றால் இரண்டுக்கும் லே. வேறு வில்லங்கங்களும் உண்டு, அவற்றை விடுங்கள். நமக்கென்றால் எல்லாவற்றுக்கும் ஒரு 'அது' போதும். சோதனையில் கதிரையின் படத்தைக் காட்டினார்கள். லெயா லாவா என்று யோசித்தபடியே வாய் திறக்காமல் இருந்து, பெயிலாகி வந்தேன்.

அன்று அழுதுகொண்டிருந்தபோது, அக்கா நூல் கட்டைகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "பொம்பிளைக்குச் சிவப்பு, ஆம்பிளைக்கு நீலம். கட்டு. தொடேக்கை எல்லாம் சத்தமாச் சொல்லு."

வீடு முழுக்கக் கட்டினேன். கதிரை, மேசை, கதவு, யன்னல் எல்லாம் சிவப்பு.

"மெசினும் பொம்பிளையோ?" என்றாள் அக்கா.

"ஓம்."

"சரிதான். நாள் முழுக்க வேலை செய்யிறது உதுதானே. கட்டில்?"

"ஆம்பிளை."

"நினைச்சனான்."

பிரெஞ்சில் கத்தரிக்கோல் எப்போதும் பன்மை. அதற்கு இரண்டு நூலையும் சேர்த்து முறுக்கிக் கட்டினோம்.

சட்டை தைக்க வந்த பரிமளம் அன்ரி நூல்களைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தா. "என்ன கோயில் நூல் பிள்ளை? விசாவுக்கோ? என்ரை மோளுக்கும் ரெண்டு முழம் தாவன்."

எனக்கு விளங்கப்படுத்தக் கூச்சம். அக்கா முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் வெட்டிக் கொடுத்தாள். அன்ரியின் மகளுக்கு எனக்கு முன்னமே விசா வந்தது. அதன்பின் நூலுக்காகவே ஆட்கள் வந்தார்கள்.

இரண்டாந்தரம் சோதனைக்குப் போனபோது ஓர் அறையின் படம் காட்டினார்கள். நான் அதில் எங்கள் வீட்டைப் பார்த்தேன். மனதுக்குள் ஒவ்வொன்றாக நூலைத் தொட்டுத் தொட்டுச் சொன்னேன். மெல்லத்தான், ஆனால் சொன்னேன்.

விசா வந்த அன்று அக்கா சொன்னாள், "நேர்த்தி நிறைவேறினா கட்டின ஆள்தான் அவிழ்க்கோணும்." ஊருக்குச் சொன்ன பொய்யை அவளே நம்பத் தொடங்கிவிட்டாள் போல. ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லி அவிழ்த்தேன். நான் தடுமாறிய இடங்களில் அவள் எடுத்துக் கொடுத்தாள். கேட்டுக் கேட்டு அவளுக்கும் பாடமாகிவிட்டிருந்தது. கத்தரிக்கோலுக்கு வந்தபோது கையைப் பிடித்தாள்.

"உது கிடக்கட்டும். திரும்பி வந்து அவிழ்."

ஒவ்வொரு முறை வரும்போதும் ஏதோவொரு சாட்டில் அதை அவிழ்க்காமலே விட்டுவிட்டுப் போகிறேன்.

நல்லூர்க் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசிக் கடை. பிள்ளைகள் பிரெஞ்சையும் கைத்தொலைபேசிக்குள்ளேயே படித்துவிடுகிறார்கள். நூல் கேட்டு யாரும் வருவதில்லை. முறுக்கிலும் நிறம் போய்விட்டது, எது சிவப்பு, எது நீலம் என்று தெரியவில்லை. முடிச்சு மட்டும் இறுக்கமாக இருந்தது.

சட்டைக்கு அளவு கொடுக்க நாலைந்து பெண்கள் காத்திருந்தார்கள். மெசினிலிருந்து தலை நிமிராமலே அக்கா கேட்டாள், "கையிலை இருக்கிறதுக்கு என்ன, லெயோ லாவோ?"

"லே," என்றேன். வெளியே படலையடியில் நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.