கச்சான் காற்றில் வேலிக்குப் பெயிண்ட்

ஸ்பிரே கன் பிடிக்கிறவனுக்கு முதலாளி வீட்டுக்காரன் அல்ல, காற்று. கடற்கரை ஊரில் இந்தத் தொழில் செய்து, ஒரு வேலிக்கு என்று கலக்கிய பெயிண்டில் பாதியைத் தன் மூக்கிலும் அடுத்த வீட்டு வளவிலும் கண்ட என் சகபாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் நம்பினால் நம்புங்கள்.

எழுபதுகளின் கடைசியில் கல்முனையில் ஒரு கராஜில் கார்களுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சவூதிக் காசு ஊருக்குள் வரத் தொடங்கியது. வந்த காசு முதலில் கை வைத்தது கிடுகு வேலிகளில்தான். ஓலையைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பலகை வேலி போட்டார்கள். அதற்குப் பிரஷ்ஷால் பெயிண்ட் அடித்தால் ஒரு கிழமை, கன்னால் அடித்தால் ஒரு நாள். வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் எஞ்சினில் கொம்பிரசரைப் பூட்டி, கைவண்டியில் ஏற்றிக்கொண்டு தெருத் தெருவாகப் போகத் தொடங்கினேன்.

அதே காலத்தில் என் மனைவி ஜெமீலா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அவளுடைய தங்கச்சிக்குச் சீதன வீடு கட்ட வேண்டும். வாப்பா இல்லாத குடும்பம். ஆம்பிளைக்கு விசா இழுபடும், பொம்பிளைக்கு உடனே கிடைக்கும் என்று ஏஜென்சிக்காரர் சொல்லிவிட்டார். இரண்டு வருஷம் என்றுதான் பேச்சு. எங்கள் வளவைச் சுற்றி அப்போது இத்துப்போன கிடுகு வேலி. பயணப்பட்ட அன்று அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நான் வாறத்துக்கிடையில பலகை வேலி போட்டு வைங்க. நிறத்த நான் வந்து சொல்றன்."

பச்சைச் சட்டை

காரில் பழகிய கைக்கு வேலியின் குணம் தெரியாது. காரில் தகட்டுக்குப் பிறகும் கார்தான். வேலியில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே இடுக்கு, இடுக்குக்குப் பிறகு அடுத்த வீடு. என் முதல் வேலியை ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அடித்தேன். மேற்கிலிருந்து வெக்கையோடு வரும் கச்சான் காற்று என் முதுகுப் பக்கமிருந்து வீசியது. பலகையில் ஒட்டியது போக மிச்சப் பச்சையெல்லாம் இடுக்கால் போய், ஜும்ஆத் தொழுகைக்குப் போட என்று அடுத்த வளவுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஹாஜியாரின் வெள்ளைச் சட்டையில் இறங்கிவிட்டது. அவர் வீட்டார் கத்தியது எஞ்சின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

ஹாஜியார் சட்டையோடு வந்து நின்றார். எஞ்சினை நிறுத்தினேன். வெயிலுக்கு நேரே பிடித்து முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு அங்கேயே அதைப் போட்டுப் பொத்தானும் பூட்டிக்கொண்டார். இதை வீட்டில் போய்ச் சொன்னால் ஜெமீலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள் என்பதுதான் அந்த நேரத்தில் எனக்கு வந்த நினைப்பு. வீட்டில் அவள் இல்லை என்பது அடுத்த நினைப்பு. ஹாஜியார் சொன்னது இதுதான்: "பச்சை எண்டபடியாத் தப்பினாய் தம்பி. பள்ளிக்குப் போட்டுட்டுப் போகலாம்."

நிறம் பார்க்க வேண்டுமென்றால்

அதற்குப் பிறகு சாக்குகளைத் தைத்து ஒரு பெரிய படங்காக்கி, வேலிக்கு மறுபக்கம் கட்டித் தொங்கவிட்டுத்தான் கன்னைத் தொடுவேன். அப்படிச் சாக்குக் கட்டி அடித்த வேலிகளில் ஒன்று பரீதா ராத்தாவுடையது. புருஷன் ரியாத்தில் டிரைவர். கீழே நீலம், மேலே வெள்ளை என்று முடிவெடுக்க ராத்தாவுக்கு எத்தனையோ நாள் பிடித்தது. நான் தகட்டில் அடித்துக் காட்டிய நீலத்தையெல்லாம் திருப்பி அனுப்பினார். "அவருக்குப் புடிக்கிற நீலம் இது இல்ல" என்பார். அந்த மனுஷனுக்குப் பிடித்த நீலத்தை அவர் இல்லாத வீட்டில் எல்லோருமாகத் தேடினோம்.

வேலை முடிந்ததும் ஸ்டூடியோக்காரரைக் கூப்பிட்டுப் படம் எடுத்தார்கள், ரியாத்துக்கு அனுப்ப. படம் வந்தது கறுப்பு வெள்ளையில். நீலம் சாம்பலாக, வெள்ளையும் கிட்டத்தட்டச் சாம்பலாக இருந்தது. கொழும்புக்குச் சொல்லிவிட்டால் கலர் பிலிம் எடுக்கலாம் என்றேன். கதவுக்குப் பின்னால் நின்ற ராத்தா படத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "வேணாம் தம்பி. நிறம் பாக்கணுமெண்டா அவர் வரட்டும்."

ஒட்டிக்கொண்ட பலகை

எங்கள் பக்கத்தில் அக்காவின் சீதன வீடும் தங்கச்சியின் சீதன வீடும் அநேகமாக ஒட்டியே இருக்கும். நடுவில் வேலி இருக்கும், வேலியில் ஒரு வழியும் இருக்கும். றோட்டுக்குப் போகாமலே கறிச்சட்டி முதல் கைப்பிள்ளை வரைக்கும் அந்த வழியால்தான் போய் வரும். பலகை வேலிக்கு மாறிய ஒரு வீட்டில், அகலமான ஒரு பலகையை மேலே ஒற்றை ஆணியில் தொங்கவிட்டிருந்தார்கள். தள்ளினால் விலகும், விட்டால் மூடும். இது எனக்கு யாரும் சொல்லாத சங்கதி.

நான் இரண்டு பக்கமும் மூன்று பூச்சு அடித்து, வேலியை ஒரே கண்ணாடியாக விட்டேன். கச்சான் வெயிலில் மத்தியானத்துக்குள் இறுகிவிட்டது. அஸர் தொழுகைக்குப் பிறகு சாமான்களை வண்டியில் ஏற்றும்போது 'டொக் டொக்' என்று தட்டும் சத்தம். அக்கா இந்தப் பக்கம் கறிச்சட்டியோடு, தங்கச்சி அந்தப் பக்கம் வெறுங்கையோடு. பலகை அசையவில்லை. கத்தியை எடுத்து ஓரத்தைச் சுரண்டி விட்டேன். பளபளத்த வேலியில் நீளமாக ஒரு கோடு விழ, வேலை பழுதாகிப்போச்சே என்று புலம்பினேன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, அண்ணன் முறைக்கு என்னைக் காக்கா என்று கூப்பிடும் தங்கச்சியின் குரல் வந்தது: "மத்தப் பலகையெல்லாம் ஊருக்கு, காக்கா. இது எங்களுக்கு. இதுக்குப் பெயிண்டே வேணாம்."

எஞ்சின் சத்தம்

ஜெமீலாவுக்கும் எனக்கும் கடிதம் சரிப்பட்டு வரவில்லை. எழுத உட்கார்ந்தால் சுகம், சுகத்துக்கு துஆ, அத்தோடு முடிந்துவிடும். அதனால் கசெட்டில் பேசி, லீவில் வந்து திரும்புகிறவர்களிடம் கொடுத்துவிடுவோம். ஒரு தடவை ஆள் அவசரமாகப் புறப்படுகிறார் என்று, வேலை செய்த இடத்திலேயே கசெட் ரேடியோவை வைத்துப் பதிந்தேன். கேட்டுப் பார்த்தால் என் குரலைவிட எஞ்சின்தான் கூடக் கதைத்திருந்தது. அப்படியே அனுப்பிவிட்டேன்.

அவளுடைய கசெட் வந்தபோது, காசைப் பற்றியோ கட்டுகிற வீட்டைப் பற்றியோ பெரிதாக ஒன்றும் இல்லை. பாண்காரன் இப்போதும் எங்கள் ஒழுங்கையால் வாறானா, மீன்காரன் எந்த நேரம் போறான், மத்ரசாப் பிள்ளைகள் எந்தப் பக்கத்தால் வீட்டுக்கு வாறார்கள் என்று தெருவைப் பற்றியே கேட்டிருந்தாள். தெருவில் என்ன கிடக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டு வருஷம் அப்போது மூன்றாகியிருந்தது. தங்கச்சி வீட்டுக்குச் சுவர் எழும்பிக் கூரை மிச்சமிருந்தது. கசெட்டின் கடைசியில் சொன்னாள்: "அடுத்த தரமும் எஞ்சினப் போட்டுட்டே கதைங்க. கண்ண மூடினா நம்மட ஊர்."

என் வேலி

எங்கள் வேலியை அடித்துத் தந்தவர் பாண்டிருப்பிலிருந்து வரும் தச்சர் கந்தையா அண்ணன். ஊரில் அவர் அடித்த வேலிகளுக்குத்தான் நான் பெயிண்ட் அடிப்பேன். ஹாஜியாரின் சட்டையை நான் மறக்காதபடியால், இடுக்கே இல்லாமல் பலகைக்கு மேல் பலகை ஏற்றி அடிக்கச் சொன்னேன். எறும்பு போகாது. ஆனால் பெயிண்ட் அடிக்கவில்லை. நிறம் சொல்ல ஆள் வர வேண்டுமே. மாரி மழையில் நனைந்து, வெயிலில் வெளுத்து, பெயிண்டரின் வேலிதான் ஊரிலேயே அசிங்கமான வேலி என்று பெயரெடுத்தது. நானும் அதன் பக்கம் பார்க்காமல்தான் வேலைக்குப் போய் வந்தேன். பார்த்தால் அவள் வராத நாட்கள் அதில் தெரிந்தன. கந்தையா அண்ணன் ஒருநாள் பலகையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, அவ வந்து பாக்கிறதுக்கு வேலி இருக்கோணும்."

வேலியும் இருந்தது, அவளும் வந்தாள், நாலாம் வருஷம். மெலிந்திருந்தாள். தங்கச்சியின் வீட்டுக் கூரையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். குவைத் வீட்டுக்கார மேடம் எடுத்துக் கொடுத்த ரிட்டர்ன் டிக்கெட்டை அலுமாரியில் வைத்தாள். அதைக் கண்டேன், கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே. மறுநாள் காலையிலேயே பலகைகளைத் தேய்த்து, சாக்குக் கட்டி, எஞ்சினையும் கொண்டுவந்து நிறுத்தி, "நிறத்தச் சொல்லு புள்ள" என்றேன்.

அவள் முற்றத்தில் நின்று வேலியை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் பார்த்தாள்.

"இதுக்குள்ளால ஒண்டும் தெரியல்லையே" என்றாள்.

"எறும்பும் போகாது" என்றேன் பெருமையாக.

"நாலு வருஷமா அங்க மதிலத்தான் பாத்துட்டு இருந்தன். தெருவுல மனுஷர் போறத்தைப் பாக்கணும். ஒரு பலகையக் கழட்டுங்க."

கழற்றினேன். கந்தையா அண்ணன் அடித்த ஆணி லேசில் வரவில்லை. குறுக்குச் சட்டத்துக்கு மேலே ஒரு பலகை அகலத்துக்கு வெளிச்சம் விழுந்தது. அவள் முக்காட்டைச் சரிசெய்து, பலாக்கட்டையை இழுத்துப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்தாள். பாண்காரன் போனான். மத்ரசாப் பிள்ளைகள் ஒருத்தரோடொருத்தர் அடிபட்டுக்கொண்டு போனார்கள். மீன்காரன் சைக்கிளில் போனபோது எழும்பி, அவன் தெரு மூலையில் திரும்பும் வரைக்கும் பார்த்தாள். அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே நான் எஞ்சினை ஸ்டார்ட் பண்ண மறந்துவிட்டேன். பிறகு நிறம் என்னவென்று கேட்டேன். ஆறுதலாகப் பார்ப்போம் என்றாள். டிக்கெட்டைப் பற்றிக் கேட்க வாய் வராமல், "கழட்டின பலகைய எப்ப திருப்பிப் போடுற?" என்று கேட்டேன். தெருவிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "நான் திரும்பப் போறனெண்டா, அண்டைக்கு ஆணி அடிங்க."

அந்தப் பலகை இன்னும் கிணற்றடியில்தான் சாய்ந்து கிடக்கிறது. ஊர் வேலிக்கெல்லாம் வேலை செய்த இந்தக் கைக்கு, அந்த ஒரு வேலை மட்டும் இதுவரை வந்து சேரவில்லை.