காகிதப்பூவும் காளானும்

எந்த வீட்டுக்குப் போனாலும் தச்சர் உட்காருவதற்கு முன் கதவு நிலையை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவார். காதைச் சாய்த்துக் கேட்பார். நல்ல மரம் பதில் சொல்லும், கெட்ட மரம் முனகும் என்பது அவர் கணக்கு. "என்ன, கதவுக்குக் காய்ச்சலா?" என்று தங்கை கேலி செய்வாள்.

அன்று அவள் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். மாடியின் மரப் பால்கனியைத் தாங்கும் உத்தரம் சுவருக்குள் நுழையும் இடத்தில், விசிறி போல ஒரு காளான் விரிந்திருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் அங்கே முளைத்திருந்ததை அவர்தான் உளியால் சுரண்டி எறிந்து, மேலே பெயிண்ட் அடித்துவிட்டுப் போனார். இப்போது பெயிண்டைப் பிளந்துகொண்டு வந்திருந்தது.

முழக்கோலை நீட்டித் தட்டினார். முனகல்கூட இல்லை.

பக்கத்திலேயே காகிதப்பூச்செடி தரையிலிருந்து சுவரோரமாக ஏறி, உத்தரத்தை வளைத்து, கைப்பிடி வரை பூத்துக் குலுங்கியது. பூவைக் கிள்ளினால் செடி சாகுமா? காளானிடம் அவர் செய்தது அதைத்தான். வெளியே தெரிந்தது அதன் பூ மாதிரி, உடம்பெல்லாம் மரத்துக்குள். ஈரத்தோடு பெயிண்டால் மூடி, தன் கையாலேயே அதற்குச் சோறு போட்டிருக்கிறார்.

தலைக்கு மேல் நாற்காலி நகர்ந்தது.

"யாரு, அண்ணனா? அங்க நின்னு யாருக்கு வைத்தியம் பாக்குற?"

எட்டிப் பார்க்க எழுந்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி. அவர் நெற்றியில் மாவு போல ஏதோ உதிர்ந்தது. கத்தினால் ஓடுவாள். ஓடினால் போச்சு.

"கைப்பிடியில சாயாதம்மா," என்றார் சாதாரணமாக. "சுவரை ஒட்டி மெதுவா உள்ள போ."

"ஏன், பாம்பா?"

"பாம்புன்னே வச்சுக்கோ."

"தெரியும். செடி ஈரம் பிடிக்குது, வெட்டுன்னு மறுபடி ஆரம்பிக்கப் போற."

"வெட்டச் சொல்லல தாயே. காலைத் தூக்காம தேய்ச்சுத் தேய்ச்சுப் போ."

அவர் குரலில் என்ன கேட்டதோ, அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ஒரு அடி. பலகை இறங்கியது. இன்னொரு அடி. தாங்கிவிடலாம் என்பது போல அவர் இரண்டு கைகளையும் மேலே தூக்கியபடி நின்றார். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்ட பிறகும் கைகளை இறக்க மறந்திருந்தார்.

மறுநாள் முட்டுக் கொடுத்து உத்தரத்தை அறுத்தபோதுதான் தெரிந்தது. சுவருக்குள் இருக்கவேண்டிய முனை வெறும் பொடி. அந்த மூலையை அதுவரை தாங்கி நின்றது, அடியில் முட்டுக்கட்டை போல இறுகியிருந்த காகிதப்பூவின் தண்டு. அவருடைய முன்கைத் தடிமன் இருந்தது.