பெட்டி ஏறினால் மட்டும் திணறிய வேன்

செம்பாக்கம் ஏரிக்குப் பின்னால், மழை வந்தால் முட்டிவரை சேறாகிற மனையில் இரண்டு மாடி வீடு கட்டியவன் நான். "இதுல எருமைதான் கட்டலாம்" என்று சிரித்தவர்கள் இப்போது கீழ் போர்ஷன் காலியாகிறதா என்று கேட்டு வருகிறார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். தாம்பரம் மார்க்கெட்டில் மூட்டை இறக்கினேன். ஒரே ஒரு பழைய பெட்ரோல் வேனை வாங்கி, குரோம்பேட்டைக் கடைகளுக்கு லோடு அடித்து, அந்த ஒன்றை நான்காக ஆக்கினேன். பையனை என்ஜினீயர் ஆக்கினேன். பெண்ணைக் கடல்தாண்டிக் கட்டிக்கொடுத்தேன். எங்கள் தெருவுக்குச் சாக்கடை வந்ததே நான் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியதால்தான். கைகொடுத்துத் தூக்கிவிட ஒரு ஆள் கிடையாது, என் மனைவியைத் தவிர.

முதல் வேன் அவளுடைய தாலிக்கொடியில் வந்தது. நான் கேட்கவில்லை. அவளே கழற்றி, மஞ்சள் கயிற்றில் தாலியைக் கோத்துக் கட்டிக்கொண்டு, கொடியை என் கையில் வைத்தாள். "கழுத்துல சும்மாத்தானே தொங்குது. ரோட்டுல ஓடட்டும்" என்றாள். பிறகு அதைவிடக் கனமான கொடியாகவே வாங்கிப் போட்டேன். ஆனாலும் அவள் பிறந்த வீட்டில் அந்த மஞ்சள் கயிறு பேச்சாகவே இருந்தது. கல்யாணம், காதுகுத்து எதற்குப் போனாலும் யாராவது ஒருவர் அதை எடுப்பார்கள். அவள் சிரித்துவிட்டுச் சாப்பிட உட்காருவாள்.

அந்த வேனை விற்க எனக்கு மனம் வரவில்லை. லோடு அடிக்கிற வயது அதற்குப் போன பிறகு, வெள்ளை பெயின்ட் அடித்து, பக்கத்தில் கண்ணாடி வைத்து, எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு இறுதி ஊர்தியாகக் கொடுத்துவிட்டேன். சங்கம் அதற்கு ஒரு குளிர்பெட்டி வாங்கியது. வண்டியின் பக்கவாட்டில் சங்கத்தின் பெயரைப் பெரிதாக எழுதினார்கள். கொடுத்தவன் பெயரை எழுத இடம் போதவில்லையாம்.

கொஞ்ச நாளில் வண்டிக்கு ஒரு கெட்ட பெயர் வந்தது. சும்மா ஓட்டினால் பூனை மாதிரிப் போகும். பிணத்தை ஏற்றிக்கொண்டு தூரமாகப் போனால் பாதி வழியில் என்ஜின் மிஸ்ஸாகும். ஒரு அடி அடிக்கும், ஒரு அடி விடும், வண்டி வெட்டி வெட்டி இழுக்கும். மெக்கானிக்கிடம் விட்டால் காலி வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்பார். பிளக்கை மாற்றினார்கள், கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். அடுத்த சாவில் மறுபடியும் அதே கதை. போகிறவருக்குப் போக மனசில்லை, அதுதான் வண்டி திணறுகிறது என்று ஜனங்கள் பேச ஆரம்பித்தார்கள். எந்த வீட்டுப் பிணத்துக்கு வண்டி திணறுகிறதோ, அந்த வீட்டில் என்ன குறை என்று தெருவே தேடும். பையன் கவனிக்கவில்லையா, மருமகள் சோறு போடவில்லையா என்று.

நான் இதையெல்லாம் காதில் வாங்கிக்கொள்ளவில்லை, என் வீட்டுக்கு வருகிறவரை.

அவள் ஒரு காலையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சமையல்கட்டிலேயே சாய்ந்துவிட்டாள். அவ்வளவுதான். பெண் வெளிநாட்டிலிருந்து வந்து சேரும்வரை குளிர்பெட்டியில் வைத்திருந்தோம். பெட்டிக்கு அடியில் ஒரு ஓட்டை உண்டு. உருகுகிற தண்ணீர் சொட்ட, யாரோ அதன் கீழே ஒரு பிளாஸ்டிக் மக்கை வைத்திருந்தார்கள். அவள் தலைமாட்டில் உட்கார்ந்து அந்தச் சொட்டையே கேட்டுக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. மக்கு நிறைய நிறைய நானே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தேன்.

தன் அம்மாவைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே தன்னையும் வைக்கவேண்டும் என்று அவள் சொல்லியிருந்தாள். அது காட்டாங்குளத்தூர் தாண்டி உள்ளே போகிற ஊர். வெயில் கடுமையாக இருந்ததால் பெட்டியோடே ஏற்றினார்கள். டிரைவருக்குப் பக்கத்தில் என் மகன். பின்னால் பக்கவாட்டுப் பலகையில், பெட்டியை ஒட்டி, நான். சொந்தக்காரர்கள் வேறு வண்டிகளில் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் அவளுடைய தம்பியும் இருந்தான். அக்கா என்றால் உயிர் அவனுக்கு. மஞ்சள் கயிற்றை அதிகம் பேசியவனும் அவன்தான்.

பெருங்களத்தூர் நெரிசலில் நின்று நின்று ஊர்ந்து, வண்டலூரை நெருங்கும்போது திணறல் ஆரம்பித்தது. மூன்று பெண்கள் சேர்ந்து குத்துகிற உரலில் ஒருத்தி மட்டும் உலக்கையைப் போடாமல் விடுகிற மாதிரி. அவளைப் பற்றி இனி என்ன பேசுவார்கள் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

டிரைவர் திரும்பாமலே சொன்னார். "பாத்தியாண்ணா. பொட்டிய ஏத்துனாத்தான் இந்தப் பேஜாரு. காலி வண்டின்னா கம்முனு போவுது."

அப்போது அவர் பிரேக் போட்டார். என் காலில் சில்லென்று ஏதோ பட்டது. குனிந்து பார்த்தேன். பெட்டிக்கு அடியிலிருந்து தண்ணீர் ஓடிவந்து, என் செருப்பை நனைத்து, முன் சீட்டுக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. வண்டியில் ஏற்றும்போது யாரும் மக்கு வைக்கவில்லை. எந்தச் சாவிலும் வைத்திருக்க மாட்டார்கள். வண்டியில் கரன்ட் இல்லாமல் பெட்டியில் படிந்த ஐஸ் உருகுகிறது, பிரேக் போடப் போடத் தண்ணீர் முன்னால் ஓடுகிறது. அந்த வேனில் என்ஜின் இருப்பது முன் சீட்டுக்கு அடியில்.

"நிறுத்து" என்றேன்.

பாலத்துக்குக் கீழே ஓரங்கட்டினார். மகனை இறங்கச் சொல்லி, சீட்டைத் தூக்கி, என்ஜின் மூடியைத் திறந்தேன்.

"அப்பா, இப்ப போய் என்ன பண்றீங்க? எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். டிரைவர், என்ஜினை ஆஃப் பண்ணாதேப்பா."

மூடியைச் சுற்றியிருந்த ரப்பர் முழுக்க வெடித்துத் தூளாகியிருந்தது. தோளில் கிடந்த துண்டைக் காய்ந்த பக்கமாக மடித்துக் கையில் சுற்றிக்கொண்டு, பிளக் வயர்களை ஒவ்வொன்றாகத் தூக்கினேன். முதல் வயரைத் தூக்கியதும் என்ஜின் சாகப் பார்த்தது. அது வேலை செய்கிற சிலிண்டர். திரும்ப மாட்டினேன். கடைசி வயருக்கும் அப்படித்தான். நடு வயரைத் தூக்கினால் சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இருந்தாலும் ஒன்றுதான், எடுத்தாலும் ஒன்றுதான். என்ஜினை நிறுத்தச் சொல்லி உள்ளே பார்த்தேன். பிளக் உட்கார்ந்திருக்கிற பள்ளத்தில் தண்ணீர் நின்று ஆவி போய்க்கொண்டிருந்தது. நெருப்பு பிளக்குக்குப் போகாமல் தண்ணீர் வழியாக ஓடிவிடுகிறது. இவ்வளவுதான் விஷயம்.

அந்த நேரத்தில் பின்னால் வந்த வண்டிகள் நின்று, ஜனம் இறங்கிவிட்டது. கண்ணாடிக்கு வெளியே மச்சான் நின்று, உள்ளே படுத்திருந்தவளிடம் பேசினான்.

"யக்கா, போய்ட்டு வாக்கா. உன் கொடிய வித்து வாங்குன வண்டில போக மாட்டேங்குறே, எனக்குப் புரியுதுக்கா. உன் பேத்தி கல்யாணத்துக்கு அந்த மாதிரி ஒரு கொடிய நான் போடறேன். இப்பக் கெளம்புக்கா."

சக்கரத்துக்கு முன்னால் தேங்காய் உடைத்தான். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தான். பெண்கள் வெடித்து அழுதார்கள். நான் உள்ளே தலையை விட்டுக்கொண்டு துண்டால் ஒற்றி ஒற்றித் தண்ணீரை எடுத்தேன், பிளக்கைத் துடைத்தேன், வயரின் தொப்பியைத் துடைத்தேன். டிரைவர் தண்ணீர் பாட்டிலைப் பாதியாக அறுத்துக் கொடுக்க, அதைப் பெட்டியின் ஓட்டைக்குக் கீழே வைத்தேன். "ஸ்டார்ட் பண்ணு" என்றேன்.

வண்டி பிடித்தது. மூன்று சிலிண்டரும் சேர்ந்து, அந்த நாளில் நான் குரோம்பேட்டைக்கு ஓட்டியபோது ஓடிய மாதிரி ஓடியது.

வெளியே எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். தேங்காயைப் பார்த்து.

இடுகாட்டுவரை ஒரு திணறல் கிடையாது. நடுவில் பாட்டில் நிறைந்தபோது நான் ஜன்னல் வழியாகக் கொட்டினேன்.

காரியத்துக்கு வந்தவர்கள் அதையே பேசினார்கள். தம்பி வாக்குக் கொடுத்த பிறகுதான் அவள் கிளம்பினாள் என்று. மச்சானைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "மாப்ளே, அது தண்ணி. பொட்டித் தண்ணி."

"இருக்கட்டும் மாமா. தண்ணியாவே இருக்கட்டும். நீ என்ஜின்கிட்ட இருந்தே. நான் எதுக்கு நின்னேன் அங்க? எனக்கும் எதாச்சும் செய்யணும்ல."

அவன் கண் சிவந்திருந்தது. அவன் தோளைத் தட்டிவிட்டு வந்தேன். ஆனால் அன்று சாயங்காலம் மகன் சொன்னது இன்னும் உள்ளே கிடக்கிறது. "எல்லாரும் அம்மாவைப் பாத்துட்டு இருந்தாங்க. நீங்க என்ஜினைப் பாத்தீங்க."

அவன் படித்தவன். அவனுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். அந்த என்ஜினை நான் பார்க்காமல் விட்டிருந்தால், உன் அம்மா புருஷன்மேல் மனத்தாங்கலோடு போனவள் என்றுதான் அந்த ஊர் என்றைக்கும் சொல்லும். அவளுக்கு மனத்தாங்கல் இல்லை. இருந்திருந்தால் என் முகத்துக்கு நேரே சொல்லியிருப்பாள், அவளுக்கு என்னிடம் பயம் கிடையாது. அவளே கழற்றிக் கொடுத்தாள். அவளே சிரித்தாள்.

பிறகு நான் அந்த மூடிக்குப் புது ரப்பர் போட்டு, பெட்டியின் ஓட்டையிலிருந்து வண்டிக்கு வெளியே ஒரு டியூப் இழுத்துவிட்டேன். அதற்கப்புறம் எந்த வீட்டுச் சாவிலும் அந்த வண்டி திணறவில்லை. சங்கத்துக் கூட்டத்தில் இதைக் கடவுள் அருள் என்று சொல்லிக் கைதட்டினார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

வருஷத் திதி வருகிறது. அந்த ஊர் ஜனம் அத்தனையும் என் வீட்டுக்கு வரும். மச்சான், கொடியை நீ உன் இஷ்டப்படி பேத்திக்குப் போடு, வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் இலை போடுவதற்கு முன்னால், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி எழுந்து நின்று நீ சொல்லவேண்டும். பாலத்துக்குக் கீழே நின்ற வண்டி என் தேங்காயால் கிளம்பவில்லை. என் அக்கா குறையில்லாமல் போனாள், வண்டியில் இருந்தது தண்ணீர், அதைக் கண்டுபிடித்துத் துடைத்து அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது என் மாமா என்று சொல்லவேண்டும். சங்கத்துக்காரர்களும் வண்டியில் எழுதட்டும். இடம் இல்லையென்றால் பின்கதவில் எழுதட்டும். முதலில் அவள் பெயர், அதற்குக் கீழே என் பெயர்.